சாவி யார் இடுப்பில் இருக்கிறது? பதவிக்கால வரம்பு குறித்த ஒரு விவாதம்

திருவொற்றியூர் வாசகரின் கேள்வி, 2025 ஜனவரி 9

“எங்கள் குடியிருப்பு நலச் சங்கத்தில் ஒரே செயலாளர் பதினான்கு ஆண்டுகளாக இருக்கிறார். ஒரு ரூபாய்கூடக் கணக்கில் தவறியதில்லை. அரசாங்கத்துக்கே ஐந்தாண்டுதான், இவருக்கு மட்டும் என்ன என்று இப்போது சிலர் கிளம்பியிருக்கிறார்கள். திருடாதவரை ஏன் மாற்ற வேண்டும்? அரசுக்கும் பெரிய நிறுவனங்களுக்கும்கூட இதே கேள்விதான். அனுபவம் உள்ளவர்கள் எழுதுங்கள்.”

ஜனவரி 9, இரவு

திருடாதவரைத்தான் முதலில் மாற்ற வேண்டும். திருடுகிறவரை என்றாவது ஒரு நாள் பிடித்துவிடுவார்கள். திருடாதவர் மீது யாருக்கும் சந்தேகம் வராது என்பதால், அவர் இருக்கும் இடத்தில் கேள்வி கேட்கும் பழக்கமே அற்றுப்போய்விடும்.

நான் மணலிப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் கணக்குப் பிரிவில் முப்பத்தோர் ஆண்டுகள் வேலை பார்த்தவன். அங்கே தொழிலாளர்கள் தாங்களே நடத்திய சிக்கன நிதி ஒன்று இருந்தது. ஏறக்குறைய 1,400 உறுப்பினர்கள். மாதச் சம்பளத்தில் பிடித்தம், அவசரத்துக்குக் கடன், இரண்டு பேர் ஜாமீன். அதற்குப் பத்தொன்பது ஆண்டுகள் செயலாளராக இருந்தவரை நாங்கள் எல்லோரும் பெரியவர் என்றே அழைப்போம். நிதியின் செலவில் ஒரு தேநீர்கூடக் குடிக்க மாட்டார். பீரோச் சாவிகள் மூன்றையும் அரைஞாண் கயிற்றில் முடிந்து வைத்திருப்பார். ஓர் ஆடி மாதத்தில் இரவுப் பணி முடிந்து வீட்டுக்குப் போனவர் மாரடைப்பில் இறந்துவிட்டார். காரியம் முடிந்த மறுநாள் அவருடைய மனைவி அந்தச் சாவிகளை ஒரு கைக்குட்டையில் கட்டிக் கொடுத்தனுப்பினார்.

பீரோவைத் திறந்தோம். கடன் பத்திரங்கள் எண் வரிசையிலும் இல்லை, பெயர் வரிசையிலும் இல்லை. சணல் கயிற்றால் கட்டிய கட்டுகள். ஒவ்வொரு கட்டின் மீதும் செருகிய துண்டுச் சீட்டில் ஓர் ஊரின் பெயர். பொன்னேரி, மீஞ்சூர், கும்மிடிப்பூண்டி, பழவேற்காடு என்று போயிற்று. யார் எந்த ஊர்க்காரர், யாருடைய ஜாமீன் யாருக்கு மச்சான் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம் என்பதால், அவருக்கு அதைவிட விரைவான வரிசை வேறு இருந்திருக்க முடியாது. எங்களுக்கு அது காடு. எல்லாவற்றையும்விடப் பருமனான கட்டின் மீது ‘இதர’ என்று எழுதியிருந்தது. அதைப் பிரித்து, பேரேட்டோடு ஒப்பிட்டு முடிக்க நாற்பது நாட்கள் ஆயின. அந்த நாற்பது நாட்களும் யாருக்கும் கடன் இல்லை. ஆவணி முகூர்த்தத்துக்கு விண்ணப்பித்திருந்தவர்கள் நகையை எடுத்துக்கொண்டு தங்கசாலைத் தெரு அடகுக்கடைகளுக்குப் போனார்கள்.

கணக்கில் ஒரு பைசா குறையவில்லை என்பதையும் எழுதிவிடுகிறேன்.

ஜனவரி 10

கொடுங்கையூரிலிருந்து எழுதியவர், அது ஒரு மனிதர் கோப்பு அடுக்கிய விதம், அதற்கும் பதவிக்காலத்துக்கும் என்ன தொடர்பு என்கிறார். தொடர்பு இருக்கிறது. மூன்று ஆண்டுகளில் பீரோ இன்னொருவர் கைக்குப் போகும் என்று அவருக்குத் தெரிந்திருந்தால், இன்னொருவர் கண்ணுக்குப் புரியும்படி அடுக்கியிருப்பார். போகாது என்று தெரிந்ததால் தன் கண்ணுக்கு அடுக்கினார்.

ஜனவரி 11

இந்த விவாதத்தில் யாராவது உத்திரமேரூரை இழுத்து வருவார்கள் என்று காத்திருந்தேன். யாரும் வரவில்லை, நானே இழுக்கிறேன்.

காஞ்சிபுரத்துக்கு அருகில் இருக்கும் அந்த ஊரின் கல்வெட்டுகள் முதலாம் பராந்தக சோழன் காலத்தவை. வாரியத்துக்கு, அதாவது ஊர்ச் சபையின் குழுவுக்கு, ஆள் எடுக்க முப்பது குடும்புகளிலும் (இன்றைய வார்டு போல) பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் இட்டு, சிறுவன் ஒருவனைக் கொண்டு எடுக்கச் செய்தார்கள் என்பது பள்ளிப் பாடத்தில் வருவது. பாடத்தில் வராத, அல்லது வந்தும் நாம் கவனிக்காத பகுதிதான் இங்கே வேண்டியது. வாரியத்தின் காலம் 360 நாட்கள். முந்தைய மூன்று ஆண்டுகளில் எந்த வாரியத்திலாவது இருந்தவருடைய பெயரைக் குடத்தில் இடவே கூடாது. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவருக்கும் அவருடைய நெருங்கிய உறவினர்களுக்கும் இடம் இல்லை. ஏரி வாரியத்தில் ஒருவர் மிக நன்றாகத் தூர் வாரினார், ஆகவே அவரே தொடரட்டும் என்று சொல்ல அந்த விதி வழி வைக்கவில்லை. இன்று நம் நண்பர் கேட்கும் கேள்வியை அந்த ஊரிலும் எவரேனும் கேட்டிருப்பார்.

இன்னொன்றும் உண்டு. கல்வெட்டுகள் இரண்டு, ஒன்று 919, மற்றது 921. முதலாவதில் தகுதி வயது முப்பதுக்கு மேல் அறுபதுக்குள். இரண்டாவதில் அது முப்பத்தைந்துக்கு மேல் எழுபதுக்குள் என்று மாறுகிறது. கல்லில் வெட்டிய விதியை இரண்டே ஆண்டுகளில் திருத்தி மறுபடியும் கல்லில் வெட்டியிருக்கிறார்கள். ஆளை மாற்றுவதற்கு விதி செய்தவர்கள், அந்த விதியையும் மாற்றத் தயங்கவில்லை.

ஜனவரி 12

நேற்று எழுதியதை இன்று காலை மறுபடி படித்தபோது, பெருமிதம் கொஞ்சம் தூக்கலாகிவிட்டது என்று தோன்றியது. குடத்தில் பெயர் விழக் கால் வேலி நிலமும் சொந்த மனையில் வீடும் வேத அறிவும் வேண்டும். பிராமணர்களுக்குக் கொடையாகத் தந்த பிரமதேய ஊரின் சபை அது. ஏரியில் மண் சுமந்தவர் பெயர் எந்த ஆண்டும் அந்தக் குடத்துக்குள் போகவில்லை. ஆண்டுதோறும் ஆள் மாறினார்கள், ஆனால் ஒரே வட்டத்துக்குள் மாறினார்கள். இதை ஒரு நிறுவனத்தின் இயக்குநர் குழுவுக்கும் பொருத்திப் பார்க்கலாம். 2013ஆம் ஆண்டு நிறுவனச் சட்டப்படி சார்பற்ற இயக்குநர் ஒருவர் தொடர்ந்து இரண்டு தவணை, அதாவது பத்து ஆண்டுகளுக்கு மேல் இருக்க முடியாது. நல்ல விதி. அவர் போனபின் அதே கிளப்பிலிருந்து, அதே கல்லூரி நண்பர்களிலிருந்து அடுத்தவர் வந்தால், விதி நிறைவேறும். நிறுவனம் எதையும் புதிதாகக் கேட்காது.

ஜனவரி 13, போகி

தண்டையார்பேட்டை முழுக்கப் புகை. டயர் எரிக்கக் கூடாது என்று ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டிச் சொல்லிக்கொண்டு போகிறார்கள். ஆட்டோ தெருமுனை திரும்பியதும் டயர் வெளியே வருகிறது. எதிர்வீட்டுக்காரர் பழைய பாயோடு சேர்த்து ஒரு பையையும் நெருப்பில் போட்டார். பத்து நிமிடம் கழித்து அதில்தான் வீட்டு வரி ரசீதுகள் இருந்தன என்று அவர் மனைவி ஓடி வந்தார். நிர்வாகச் சீர்திருத்தம் என்று நாம் சொல்வதில் பாதி இந்த வகைதான்.

மறுபாதி பெயர்ப்பலகை வகை. 1957இல் மின்சார வாரியம் வந்தது. 2010இல் அது இரண்டு நிறுவனங்களாகப் பிரிந்தது. 2024இல் உற்பத்திக்கும் பகிர்மானத்துக்கும் மறுபடி தனித்தனி நிறுவனங்கள் ஆயின. எங்கள் தெருவில் மின்சாரம் நின்றால் இன்றும் ‘ஈ.பி.க்கு போன் போடு’ என்றுதான் சொல்கிறார்கள், அதே எண்ணுக்குத்தான் போடுகிறார்கள்.

பொங்கல் வாழ்த்துகள். மற்றவை பண்டிகை கழிந்து.

ஜனவரி 17

சென்னை மாநகராட்சியைப் பற்றி எழுதாமல் இந்தப் பேச்சு நிறைவு பெறாது. 1688இல் தொடங்கிய பழைய அமைப்பு. 1973இல் மஸ்டர் ரோல் ஊழல் வெளிவந்தது. மஸ்டர் ரோல் என்றால் தினக்கூலிக்காரர்களின் வருகைப் பட்டியல். வேலைக்கு வராதவர்களின், சில சமயம் உலகத்திலேயே இல்லாதவர்களின் பெயரை அதில் எழுதிக் கூலியை எடுத்துக்கொள்வது அந்த ஊழலின் செயல்முறை. மன்றம் கலைக்கப்பட்டது. அந்த முடிவில் குறை காண்பது கடினம், அழுகியதை வெட்டத்தான் வேண்டும்.

ஆனால் அடுத்த தேர்தல் நடந்தது 1996இல். இருபத்து மூன்று ஆண்டுகள். சீர்செய்வதற்காக மன்றத்துக்குப் பதிலாக அரசு தற்காலிகமாக வைத்த தனி அலுவலர் ஏற்பாடு ஒரு தலைமுறைக்கு நீண்டுவிட்டது. நான் பள்ளியில் இருந்தபோது கலைந்த மன்றம், என் மகன் பள்ளிக்குப் போகத் தொடங்கிய பிறகுதான் மறுபடி கூடிற்று. அந்தக் காலம் முழுவதும் எங்கள் தெருவில் கழிவுநீர் பொங்கினால், மனு எழுதிக்கொண்டு அலுவலகத்துக்குப் போவோம். அங்கிருப்பவர் நல்லவராக இருந்தால் வேலை நடக்கும். அடுத்த தேர்தலில் உங்களுக்கு வாக்கு இல்லை என்று சொல்வதற்கு எதிரே ஒரு முகம் இல்லை. தனி அலுவலர்களோ அடிக்கடி மாறிக்கொண்டுதான் இருந்தார்கள். ஆகவே ஆள் மாறுவதைப் புதுப்பித்தல் என்று எண்ணிக்கொண்டிருப்பவர்கள் இந்த இருபத்து மூன்று ஆண்டுகளைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். மாற்றியது யார், யாருடைய கணக்குக்குப் பதில் சொல்வதற்காக மாற்றினார்கள் என்பதில் இருக்கிறது விஷயம்.

74ஆவது அரசமைப்புத் திருத்தம் வந்து, மன்றத்தின் காலம் ஐந்தாண்டு, கலைத்தால் ஆறு மாதத்துக்குள் தேர்தல் என்று எழுதி வைத்த பிறகு அந்தக் கதை முடிந்தது.

ஜனவரி 18

முடியவில்லை. ராயபுரத்து நண்பர் சரியாகப் பிடித்தார். 2011இல் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றத்தின் காலம் 2016 அக்டோபரில் முடிந்தது. அடுத்த தேர்தல் 2022 பிப்ரவரியில். வார்டு மறுவரையறை, இடஒதுக்கீடு, வழக்கு என்று ஐந்து ஆண்டுகளுக்கு மேல் மறுபடியும் தனி அலுவலர். திருத்தம் வந்த பிறகு நடந்தது இது. 174 சதுர கிலோமீட்டராக இருந்த நகரம் 2011இல் 426 ஆகி, திருவொற்றியூரும் மணலியும் மாதவரமும் உள்ளே வந்து, தங்கள் முதல் மன்றத்தை ஒரே ஒரு தவணை பார்த்தவுடனேயே கதவு சாத்திக்கொண்டது. எப்படி மறந்தேன் என்று தெரியவில்லை. அந்த ஐந்து ஆண்டுகளில் என் தெருவில் சாக்கடை பொங்கவில்லை என்பது காரணமாக இருக்கலாம்.

ஜனவரி 22

நேற்று ஒரு திருமணத்துக்காகப் பெரம்பூர் போனேன். திரும்பும்போது பி அண்ட் சி மில் என்ற பழைய துணி ஆலை இருந்த பக்கமாக நடந்தேன். 1918 ஏப்ரலில் சென்னைத் தொழிற்சங்கம் எழுந்தது அந்த மில்லின் தொழிலாளர்களால்தான். சங்கத் தலைவர்கள் பி.பி. வாடியாவும் திரு.வி.க.வும் பேசிய தெருக்கள் அவை. அந்த மில்லின் காக்கித் துணி ஊரெல்லாம் பேர் பெற்றது. 1996இல் மூடியது மூடியதுதான். என் மாமனார் அங்கே நெசவுப் பகுதியில் இருந்தவர். கடைசி ஆண்டுகளைப் பற்றிக் கேட்டால், ‘மேனேஜர் மாறினார், மேனேஜர் மாறினார், தறி மாறவில்லை’ என்பார். இதைத் தவிர அவர் வேறொன்றும் சொல்லிக் கேட்டதில்லை.

அங்கிருந்து சிறிது தூரத்தில் இருக்கும் ரயில் பெட்டித் தொழிற்சாலையான ஐ.சி.எஃப். கதை இதற்கு நேர் எதிரானது என்று எழுத உட்கார்ந்தேன். யோசித்துப் பார்த்தால் முழுக்க எதிரானதும் இல்லை. 1955 அக்டோபர் 2இல் நேரு திறந்து வைத்த தொழிற்சாலை. சுவிட்சர்லாந்து வடிவமைப்பில் தொடங்கிய அந்தப் பெட்டிதான் நாம் எல்லோரும் பயணம் செய்து வளர்ந்த நீலப் பெட்டி, அரக்குச் சிவப்புப் பெட்டி. விபத்தில் ஒன்றன் மேல் ஒன்று ஏறாத, இன்னும் வேகமாக ஓடக்கூடிய ஜெர்மன் வடிவமைப்பான எல்.எச்.பி. பெட்டிகள் 2000ஆம் ஆண்டு வாக்கிலேயே இந்தியாவுக்கு வந்துவிட்டன. பெரம்பூரில் பழைய வகையின் கடைசிப் பெட்டி வெளியே போனது 2018 ஜனவரியில். நடுவில் எத்தனையோ பொது மேலாளர்கள் வந்து போனார்கள். பெட்டி ஏன் மாறவில்லை என்றால், சோம்பல் அல்ல காரணம். தகட்டை நிறுத்திப் பற்றவைக்கும் சட்டகங்கள், உதிரிபாகம் தரும் சிறு பட்டறைகள், பணிமனைகளில் பழுது பார்ப்பவர்களின் கை, ஒரு பெட்டிக்கு இத்தனை மணி நேரம் என்ற கணக்கு எல்லாமே பழைய பெட்டியைச் சுற்றி வளர்ந்துவிட்டன. ஒரு பொது மேலாளர் தம் காலத்தில் அதைக் கலைத்தால் அந்த ஆண்டு உற்பத்தி எண்ணிக்கை விழும். பெயர் அவருக்குக் கெடும், பயன் அவருக்குப் பின்னால் வருபவருக்குப் போகும். இப்படி எண்ணி ஒருவர் தள்ளிப்போட்டால் அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது.

அதே ஆண்டில் அதே வளாகத்திலிருந்துதான், பிறகு வந்தே பாரத் என்று பெயர் பெற்ற டிரெயின் 18 வெளிவந்தது, பதினெட்டு மாதத்தில். அதே மனிதர்கள், அதே ஊர். கலைத்தபின் கை எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியாது.

ஜனவரி 23

மாமனார் சொன்னதை வைத்து ஒரு மில்லின் சாவை எழுதிவிட்டேன் என்று பெரம்பூர்க்காரர் ஒருவர் கோபித்திருக்கிறார். தறி மட்டுமே காரணம் இல்லை என்பதை ஏற்கிறேன். விசைத்தறியின் மலிவு விலை, கதவடைப்பு, நிலத்தின் மதிப்பு எல்லாம் சேர்ந்ததுதான். ஆனாலும் என் மாமனார் நின்ற இடத்திலிருந்து தெரிந்தது தறி.

ஜனவரி 27

மாதவரத்திலிருந்து எழுதியவர், வெண்மைப் புரட்சியை நடத்திய வர்கீஸ் குரியனைக் காட்டுகிறார். எழுதியவர் பால்பண்ணை ஊர்க்காரர், வேறு யாரைக் காட்டுவார். தேசிய பால்வள வாரியத்துக்கு 1965 முதல் 1998 வரை குரியனே தலைவர். அமுல் பொருள்களை விற்கும் குஜராத் கூட்டுறவு இணையத்துக்கு 1973 முதல் 2006 வரை. ஐந்தாண்டில் அனுப்பியிருந்தால் வெண்மைப் புரட்சி ஏது என்கிறார்.

வலுவான எதிர்வாதம், இரண்டு நாட்கள் யோசித்தேன். அவர் உட்கார்ந்திருந்த நாற்காலி மாறவில்லை என்பது உண்மை. ஆனால் அதற்குக் கீழே ஒவ்வொரு ஊரிலும் காலையும் மாலையும் பால் அளந்து, கொழுப்புப் பார்த்து, எழுதி, பணம் கொடுக்கிறார்கள். அளவு தவறினால் பால் ஊற்றும் பெண் அங்கேயே சண்டை பிடிப்பாள். நாள்தோறும் இரண்டு முறை தணிக்கை நடக்கும் அமைப்பு அது. தலைமையின் நீளத்தை அது தாங்கிற்று. அப்படித் தாங்கியும், 2006இல் அவர் விலகியபோது அது சுமுகமான விடைபெறுதலாக இல்லை, எதிர்ப்புக்கு நடுவில் நடந்தது. அத்தனை பெரிய மனிதருக்கே வெளியேறும் வாசலை முன்கூட்டியே கட்டி வைக்கவில்லை.

பிப்ரவரி 2

வாசலைத் தானே கட்டிக்கொண்டவர் ஒருவர் நம்மிடையே இருந்தார். காமராஜர் ஒன்பது ஆண்டுகளுக்கு மேல் முதல்வராக இருந்துவிட்டு, 1963 அக்டோபர் 2 அன்று பதவியை விட்டார். மூத்தவர்கள் ஆட்சியிலிருந்து இறங்கிக் கட்சி வேலைக்குப் போக வேண்டும் என்ற அவருடைய திட்டத்தின்படி ஆறு மத்திய அமைச்சர்களும் ஆறு முதல்வர்களும் விலகினார்கள். லால் பகதூர் சாஸ்திரியும் மொரார்ஜி தேசாயும் அவர்களில் உண்டு. எங்கள் வீட்டில் என் தந்தை இதைச் சொல்லும்போதெல்லாம் தோள்துண்டைச் சரிசெய்துகொள்வார்.

ஆனால் 1967இல் அதே கட்சி தமிழ்நாட்டில் தோற்றது. விருதுநகரில் காமராஜரே தோற்றார். திட்டம் தோற்றது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை, வென்றது என்றும் சொல்ல முடியவில்லை. மேலே இருந்தவர்கள் கீழே இறங்கினார்கள். கீழே இருந்த மாவட்டப் பண்ணையார்களும் அரிசி வரிசைகளும் இருந்த இடத்திலேயே இருந்தன. விலகிய சாஸ்திரி சில மாதங்களில் அமைச்சரவைக்குத் திரும்பியும் வந்துவிட்டார். முகத்தைப் புதுப்பித்து முறையை அப்படியே விட்டால், முறை புது முகத்தையும் பழசாக்கிவிடும் என்றுதான் எனக்குப் படுகிறது. கொடுங்கையூர்க்காரர் இதற்குச் சண்டைக்கு வருவார். வரட்டும்.

பிப்ரவரி 6

சண்டைக்கு வந்தார், ஆனால் வேறு திசையிலிருந்து. மாற்று மாற்று என்கிறீர்களே, எங்கள் பகுதிப் பொறியாளர் இரண்டு ஆண்டுகளில் மூன்று முறை மாறிவிட்டார், என்ன கண்டோம் என்கிறார். நியாயம்தான். இதற்கு என்னிடமும் ஒரு கதை இருக்கிறது.

2023 டிசம்பர் புயலுக்குப் பிறகு எங்கள் தெருவில் குடிநீரில் சாக்கடை நாற்றம். அந்த இணைப்பை அடைக்க வால்வைக் கண்டுபிடிக்க வேண்டும். புதிதாக வந்திருந்த இளைய பொறியாளர் கைபேசியில் வரைபடத்தைக் காட்டினார். வரைபடத்தில் வால்வு இருந்தது, தெருவில் இல்லை. கடைசியில் ஓய்வு பெற்று ஆறு ஆண்டுகள் ஆன வால்வுக்காரர் ஒருவரை ஆள் அனுப்பி அழைத்து வந்தார்கள். லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தவர், பிள்ளையார் கோயில் படியிலிருந்து அடி எண்ணி நடந்தார். பதினோராவது அடியில் நின்று, கடப்பாரையைத் தலைகீழாகப் பிடித்துத் தாரைத் தட்டினார். இரண்டு மூன்று இடங்களில் கெட்டியான ஒலி. பிறகு ஓரிடத்தில் சத்தம் மாறியது. அங்கே வெட்டியபோது மூன்று அடுக்குத் தாருக்குக் கீழே இரும்பு மூடி இருந்தது. சாலை போட்டவர்களில் ஒருவர்கூட மூடியை உயர்த்தி வைக்கவில்லை. பொறியாளர் அந்த இடத்தைப் படம் எடுத்துக்கொண்டார். அடுத்த ஏப்ரலில் அவரும் மாற்றலாகிப் போய்விட்டார். படம் அவருடைய சொந்தக் கைபேசியில் இருக்கிறது.

ஓயாமல் மாற்றுவது புதுப்பித்தல் ஆகாது. ஓய்வு பெற்ற உயர் அதிகாரிகள் தொடுத்த டி.எஸ்.ஆர். சுப்பிரமணியன் வழக்கில் 2013இல் உச்ச நீதிமன்றம், அதிகாரிகளுக்குக் குறைந்தபட்சப் பதவிக்காலம் வேண்டும், வாய்மொழி உத்தரவுக்குப் பதில் எழுத்தில் உத்தரவு வேண்டும் என்றது. மேலே ஒரு வரம்பு தேவைப்படுவது போலவே கீழேயும் ஒன்று தேவைப்படுகிறது.

ஆனால் கவனியுங்கள், பெரியவரின் பீரோவும் இந்த வால்வும் ஒன்றேதான். ஒருவர் பத்தொன்பது ஆண்டுகள் இருந்ததால் அறிவு அவரோடு போயிற்று. இன்னொரு இடத்தில் யாரும் இரண்டு ஆண்டுகள்கூட இல்லாததால் அறிவு எங்கும் தங்கவில்லை.

பிப்ரவரி 7

மேலே எழுதியதற்கு ஒரு பின்னிணைப்பு. அம்மாவின் ஊர் பொன்னேரிக்கு அருகில். அங்கே ஊர்க் கணக்கு என்பது கிராமக் கணக்கரான கர்ணம் வீட்டுத் தகரப் பெட்டி. நிலம், பயிர் விவரம் எழுதிய அடங்கல் பார்க்க வேண்டும் என்றால் அவர் சாப்பிட்டு எழும் வரை திண்ணையில் காத்திருக்க வேண்டும். தந்தைக்குப் பின் மகன் என்று தலைமுறையாக வந்த அந்தப் பதவிகளை 1980 நவம்பரில் எம்.ஜி.ஆர். அரசு ஒரே அவசரச் சட்டத்தில் ஒழித்தது. பிறகு கிராம நிர்வாக அலுவலர்கள் வந்தார்கள். உச்ச நீதிமன்றம் 1982இல் அதைச் சரி என்றது. பெட்டியை ஒப்படைத்த நாளில் தாய்மாமன் அங்கே இருந்தார். புதிதாக வந்த இளைஞர் ஒவ்வொரு புத்தகத்தையும் எண் போட்டு எழுதி வாங்கியதையும், கர்ணம் திண்ணையில் வெற்றிலையை மடித்தபடி ஒரு வார்த்தையும் பேசாமல் அமர்ந்திருந்ததையும் மாமா பல முறை சொல்லியிருக்கிறார். புதிய அலுவலர்கள் லஞ்சம் வாங்கவில்லையா என்று கேட்காதீர்கள், வாங்கினார்கள். ஆனால் அலுவலரை மாற்றலாம். கர்ணத்தை மாற்ற அவருடைய வம்சத்தை மாற்ற வேண்டியிருந்தது.

பிப்ரவரி 15

இத்தனை நாளில் ஒருவர்கூட ஒரு கேள்வியைக் கேட்கவில்லை. பெரியவருக்குப் பின் அந்த நிதிக்கு யார் செயலாளர் ஆனார்?

நான்தான். பத்திரங்களை எண் வரிசைக்குக் கொண்டுவந்தேன். தவணை மூன்று ஆண்டு, யாராக இருந்தாலும் இரண்டு தவணைக்கு மேல் கூடாது என்று பேரவையில் தீர்மானம் கொண்டுவந்தவனும் நான். இருந்தது பதினொரு ஆண்டுகள்.

எப்படி என்றால், மிக எளிதாக. ஆறாவது ஆண்டு முடியும்போது கணக்குகளைக் கணினிக்கு மாற்றும் வேலை பாதியில் இருந்தது. பாதியில் விட்டுப் போகலாமா என்று ஒருவர் எழுந்து கேட்டார்; அவரை நான் தூண்டிவிடவில்லை, ஆனால் அவர் கேட்பார் என்று எனக்குத் தெரியும். கை தட்டினார்கள். அதன்பின் ஊதிய ஒப்பந்தம் வந்தது, அதன்பின் வேறேதோ வந்தது.

வங்கிகளில் ஒரு வழக்கம் உண்டு. முக்கியமான இருக்கையில் இருப்பவரை ஆண்டுக்கொரு முறை, முன்னறிவிப்பு இல்லாமல், தொடர்ந்து பத்து வேலை நாட்களுக்குக் குறையாமல் விடுப்பில் அனுப்ப வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. ஆள் இல்லாதபோதுதான் அவர் மறைத்தது வெளியே வரும் என்பது அதன் நோக்கம். என்னை அனுப்ப யாரும் இல்லை, என் முழங்கால் அனுப்பியது. அறுவை சிகிச்சை முடிந்து ஆறு வாரம் வீட்டில் இருந்தேன். பொறுப்பைப் பார்த்துக்கொண்டது ஆய்வகத்தில் வேலை செய்த இளம்பெண் ஒருவர். மூன்றாவது வாரத்தில் தொலைபேசியில் கேட்டார்: “சார், சில பேர் பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் பென்சிலில் டிக் இருக்கிறதே, அது என்ன சார்?”

அது என்னுடைய குறி. தவணையை இழுத்தடிப்பவர், அடுத்த கடனுக்கு வந்தால் யோசிக்க வேண்டும் என்று பொருள். சொன்னேன். சிறிது நேரம் பதில் இல்லை. பிறகு, “எப்போது அழிப்பீர்கள் சார்?” என்றார்.

ஒரு டிக்கைக்கூட நான் அழித்ததில்லை. அவர் பட்டியல் எடுத்தார். முப்பத்தாறு பேர். அவர்களில் ஒருவர் கிரேன் இயக்குபவர். வேலைநிறுத்தம் நடந்த ஆண்டில் நான்கு மாதம் தாமதித்தவர், அதன்பின் ஒரு நாள்கூடத் தவறியதில்லை. அவர் இரண்டு முறை கடன் கேட்டிருக்கிறார். இரண்டு முறையும் ‘நிதி நிலைமை சரியில்லை’ என்று என் கையெழுத்தில் பதில் போயிருக்கிறது. மூன்றாவது முறை அவர் கேட்கவே இல்லை.

பெரியவர் ஊர்ப் பெயரில் கட்டு வைத்தார். நான் அதைக் கலைத்துவிட்டுப் பச்சைப் பென்சில் வைத்தேன். கணக்கில் என்னிடமும் ஒரு பைசா குறையவில்லை.

வேலைக்குத் திரும்பிய வாரத்தில் விலகல் கடிதம் கொடுத்தேன். கிரேன்காரரைத் தேடிப் போய்ச் சொல்லிவிடலாம் என்று இரண்டு முறை அந்தக் கூடம் வரை நடந்தேன். அவர் மேலே கூண்டில் இருந்தார். கீழே நின்று கத்திச் சொல்லும் விஷயமா அது என்று திரும்பிவிட்டேன். இன்று வரை சொல்லவில்லை.

பிப்ரவரி 16

ஆறுதல் சொல்லி எழுதியவர்களுக்கு நன்றி, ஆனால் அதற்காக எழுதவில்லை. என் இடத்துக்கு வந்த பெண் என்ன செய்தார் என்று கேட்டவருக்கு மட்டும் பதில். பீரோக் கதவின் உட்புறத்தில் ஒரு தாள் ஒட்டினார். எந்தத் தட்டில் எது, எந்தக் குறிக்கு என்ன பொருள் என்று அதில் எழுதினார். கடனை மறுத்தால் காரணத்தைத் தீர்மானப் புத்தகத்தில் எழுத வேண்டும் என்று விதி கொண்டுவந்தார். இரண்டு தவணை முடிந்ததும் போய்விட்டார். அவருக்காகவும் ஒருவர் எழுந்து ‘பாதியில் விட்டுப் போகலாமா’ என்று கேட்டாராம். ‘பாதியில்தான் விட முடியும்’ என்றாராம்.

பிப்ரவரி 20

திருவொற்றியூர் நண்பரே, ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கு என்னையும் அழைத்திருக்கிறீர்கள். வருகிறேன். உங்கள் செயலாளரை யாரும் குற்றவாளிபோல நிறுத்த வேண்டாம்; பதினான்கு ஆண்டுகள் சம்பளம் இல்லாமல் உழைத்தவர். தேர்தலுக்கு முன் அவரிடம் ஒரு வேலை மட்டும் கொடுங்கள். தண்ணீர்த் தொட்டி கழுவுகிறவர் எண், லிஃப்ட் ஒப்பந்தம் எந்தத் தேதியில் முடிகிறது, மோட்டாருக்கு எந்த வால்வை முதலில் திறக்க வேண்டும், யார் வீட்டில் பராமரிப்புத் தொகைக்கு அவகாசம் கொடுத்திருக்கிறார், ஏன் கொடுத்தார் என்று அனைத்தையும் ஒரு நோட்டில் அவர் கையாலேயே எழுதி வரச் சொல்லுங்கள். கூட்டத்தில் அதை வேறொருவர் உரக்கப் படிக்கட்டும், அவர் பக்கத்தில் உட்கார்ந்து கேட்கட்டும். படிப்பவர் எங்கே தடுமாறுகிறாரோ அங்கே நிறுத்தி, அவரை விளக்கச் சொல்லி, அதையும் எழுதிக்கொள்ளுங்கள். தேர்தலை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

பத்து மணிக்கு வந்துவிடுவேன். தேரடியில் இறங்கினால் உங்கள் தெரு எத்தனையாவது என்பதை மட்டும் எழுதுங்கள். முழங்கால் இன்னும் முழுதாகச் சரியாகவில்லை, தேடி நடக்க முடியாது.